சக்கர வீட்டுக்குப் பனிக்காலப் பூட்டு

நம் ஊரில் மார்கழிப் பனி என்றால் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கோலத்தைப் போட்டு முடித்துவிடுவோம். நான் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்யும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி என்பது வேறு சமாசாரம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பல நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும். சில ராத்திரிகளில் மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். அதனால் அக்டோபர் பிறந்தாலே இங்குள்ள இல்லத்தரசிகளுக்கு வேலை ஆரம்பித்துவிடும். தோட்டத்துக் குழாயை மூட வேண்டும், ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும், கம்பளி உடைகளை இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார்ஹோமைப் பனிக்காலத்துக்கு மூடி வைக்க வேண்டும்.

மோட்டார்ஹோம் என்றால் சக்கரம் வைத்த வீடு. வேன் மாதிரி முன்னால் ஓட்டுகிற இடம். பின்னால் இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, குளிர்பெட்டி, சின்னக் குளியலறை, கழிவறை எல்லாம் இருக்கும். எங்களுடையது 24 அடி நீளம். 2020-ல் பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். "இத்தனை காசைக் கொட்டி இது எதுக்கு?" என்று நானே அன்றைக்குக் கேட்டேன். ஆனால் என் மாமியாருக்கு அதனால் கிடைத்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். அத்தைக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் வலி. அவசரத்துக்கு வழியில் ஒதுங்க இடம் கிடைக்குமோ என்ற பயத்திலேயே எங்கேயும் வர மாட்டார்கள். சொந்தக் கழிவறையும் படுக்கையும் கூடவே வருகிறது என்றதும் பயம் போய்விட்டது. சுப்பீரியர் ஏரிக்கரையில் உட்கார்ந்து, நான் வண்டிக்குள் வேகவைத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே, "இது ஏரியாடி? சமுத்திரம்னு சொல்லு" என்றார்கள்.

வண்டியின் வெளிவேலை எல்லாம் என் கணவர் பொறுப்பு. உள்வேலை என்னுடையது. நாலு வருஷமும் அப்படித்தான் நடந்தது.

2024 ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். பைபாஸ் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். ஆனால் பிளந்து தைத்த மார்பெலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் ஆகும், அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உடம்பு தேறிக்கொண்டுதான் வந்தது. மனசுதான் தேறவில்லை. வாசலில் நிற்கும் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "வித்துடலாம்மா. இனிமே என்னால இதெல்லாம் பார்த்துக்க முடியாது" என்றார். வண்டி போனால் போகட்டும். ஆனால் 'இனிமே என்னால முடியாது' என்ற வார்த்தை அவர் வாயில் குடியேறிவிட்டால் அதை எப்படி வெளியேற்றுவது? எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

பட்டறையில் விட்டுச் செய்யலாம் என்று விசாரித்தோம். பனிக்கு முன்னால் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவதால் நவம்பர் நடுவில்தான் முடியும் என்றார்கள். அதற்குள் உறைபனி விழுந்துவிடும். "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன். "உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?" என்றார். "தோசைத் திருப்பி பிடிக்கிற கைதானே?" என்றேன். ரொம்ப நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்த வருஷம் அக்டோபர் 11-ல் சரஸ்வதி பூஜை. கொலுவுக்கு முன்னால் அவருடைய ஸ்பேனர் செட்டையும் வைத்துப் பூஜை செய்தோம். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டோம். மறுநாள் விஜயதசமி, வித்தை தொடங்க உகந்த நாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு பழைய டைரியில் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிக்கொண்டேன். பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். நாற்பத்தாறு வயதில் எனக்கு அட்சராப்பியாசம்! அடுத்த இரண்டு நாளும் இங்கே தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. மகனும் மகளும் கூட இருந்தார்கள். வேலையைத் தொடங்கினோம்.

முதல் எதிரி தண்ணீர்

தண்ணீர் உறைந்தால் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். நூறு டம்ளர் தண்ணீர் ஐஸ் ஆனால் நூற்றொன்பது டம்ளர் இடம் கேட்கும். மூடிய குழாய்க்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? குழாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிளந்தது அப்போது தெரியாது. ஐஸே அடைத்துக்கொண்டிருக்கும். ஏப்ரலில் குழாயைத் திறக்கும்போதுதான் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஆகித் தரைப்பலகை முழுக்க ஊறிப் பூஞ்சை பிடித்து, சரி செய்ய ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று.

ஆகவே முதல் வேலை, தண்ணீரை வெளியேற்றுவது. கழிவு இறக்கும் நிலையத்துக்கு வண்டியை நானே ஓட்டிப் போனேன். இந்த அளவு வண்டிக்குச் சாதாரணக் கார் லைசென்ஸே இங்கே போதும். வண்டிக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிவறைத் தொட்டி ஒன்று, சமையல், குளியல் தண்ணீருக்கு ஒன்று. கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த ஹோஸையும் அதுவே அலசிவிடும். கையுறை கட்டாயம். அருவருப்பாக இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு குழந்தைகளை வளர்த்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீர்த் தொட்டியையும், வண்டிக்கு அடியில் உள்ள வடிகுழாய்களையும் திறந்து விட்டேன். உள்ளே எல்லாக் குழாயையும் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் முழுக்க இறங்கும். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். இதில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை தேவை. காஸ், மின்சாரம் இரண்டையும் முந்தின நாளே அணைத்து, தண்ணீர் ஆறும்வரை விட வேண்டும். பம்பையும் நிறுத்தி, மேலே உள்ள சின்ன வால்வைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கீழ்த் திருகைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். குக்கரில் வெயிட் அடங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்று பெண்ணுக்குச் சொல்லித் தருகிறோமே, அதே பாடம்தான். காலி ஹீட்டரில் தெரியாமல் மின்சாரம் போட்டால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி கருகிவிடும். அதனால் ஸ்விட்சின் மேல் ஒரு தாள் ஒட்டி, 'தண்ணீர் இல்லை, தொடாதே' என்று எழுதி வைத்தேன்.

அந்தத் திருகு லேசில் அசையவில்லை. நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அவர் பரபரவென்று எழுந்துவிட்டார். "தள்ளு, நான் ஒரு சுத்து சுத்தறேன்!" நான் ஸ்பேனரைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "திருகு நாளைக்கும் இருக்கும். உங்க நெஞ்சுல தைச்ச தையல் பிரிஞ்சா நான் எங்க போவேன்?" என்றேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்பேனரோட கைப்பிடியில ஒரு நீளக் குழாயைச் சொருகிக்க. பலம் கூடும்" என்றார். அப்படியே செய்தேன். 'டக்'கென்று அசைந்தது. அவர் மூளைக்கு ஆபரேஷன் எதுவும் ஆகவில்லையே! அதை அவருக்கும் புரியவைத்தது அந்தத் திருகுதான் என்று நினைக்கிறேன்.

பிங்க் திரவமும் பச்சைத் திரவமும்

எவ்வளவு வடித்தாலும் வளைவுகளில் தண்ணீர் மிச்சம் இருக்கும். அதற்காக உறையாத் திரவம் ஏற்றுகிறோம். மோட்டார்ஹோம் குழாய்களுக்கென்றே பிங்க் நிறத்தில் விற்கிறது. இது புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளில் செய்தது. குடிநீர்க் குழாயில் விடத் தகுந்தது.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவம் வேறு. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது கொடிய விஷம், ஆனால் தித்திக்கும். குழந்தையோ நாயோ நக்கிப் பார்த்துவிட்டு மேலும் குடிக்கும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைத்துவிடும். அதைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் விடக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. கார் திரவத்திலேயே பல நிறங்கள் உண்டு. லேபிளைப் படிக்க வேண்டும். கேனைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் மாற்றி வைக்கவே வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். குழந்தை குடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கார் வைத்திருக்கும் எந்த ஊர் வீட்டுக்கும் இது பொருந்தும்.

திரவத்தை ஏற்றுவதற்கு முன்னால் ஹீட்டரை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 23 லிட்டர் திரவத்தை அது ஒன்றே குடித்துவிடும். ஹீட்டருக்குப் பின்னால் எங்கள் வண்டியில் மூன்று சின்ன வால்வுகள் உண்டு. அவற்றைத் திருப்பினால் திரவம் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றுப்பாதையில் போய்விடும். "இதுக்கு என்னங்க பேரு? எழுதிக்கறேன்" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "பைபாஸ்" என்றார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. "அப்பாவுக்குப் பண்ணினதையே ஹீட்டருக்கும் பண்றோமா?" என்று மகள் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

பம்புக்கு வரும் ஹோஸை நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து கழற்றிப் பிங்க் கேனுக்குள் விட்டோம். மகன் கேனைப் பிடித்துக்கொண்டான். பம்பைப் போட்டு, பம்புக்குக் கிட்டே உள்ள குழாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். சுடுநீர்ப் பக்கம், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் இரண்டிலும் பிங்க் நிறம் வரும்வரை விட வேண்டும். சமையல் தொட்டி, கைகழுவும் தொட்டி, ஷவர், கழிவறை எல்லாம் ஆயிற்று. வண்டிக்கு வெளிப்புறம் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவும் ஷவர் இருக்கும். பலர் விட்டுவிடும் இடம் அதுதானாம். டைரியில் அதற்கு மட்டும் இரண்டு கோடு போடச் சொன்னார். கடைசியாக ஒவ்வொரு சாக்கடைத் துவாரத்திலும் ஒரு கப் திரவம் ஊற்றினேன். கீழே வளைந்த குழாயில் தேங்கிய தண்ணீர் உறையாமல் இருக்க இது. மொத்தம் மூன்று கேன், சுமார் 11 லிட்டர் செலவாயிற்று.

எலியாருக்கு விருந்து கிடையாது

இனி என் பழைய ராஜ்யம், உள்வேலை. வெளியே பனி பெய்யும்போது எலிக்கு இதைவிட நல்ல மாளிகை ஏது? அரிசி, பருப்பு, அப்பளக் கட்டு மட்டும் எடுத்தால் போதாது. சோப்பு, பற்பசை, மெழுகுவர்த்தியைக்கூட எலி விடாது. எல்லாவற்றையும் வெளியேற்றினேன். தேங்காய்ப்பால் டின், ஷாம்பு, நல்லெண்ணெய் போன்றவையும் வீட்டுக்குள் வந்தன. டின் உறைந்தால் உப்பி வெடிக்கும். சுண்டுவிரல் நுழையாத ஓட்டையிலும் சுண்டெலி நுழைந்துவிடும். ஆகவே குழாய் நுழையும் இடுக்குகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அழுத்தி அடைத்தேன்.

எங்கேயாவது எலிப் புழுக்கை கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். இந்தக் கண்டத்தில் சில காட்டெலிகளின் எச்சத் தூசி வழியாக ஹன்டா வைரஸ் என்ற கிருமி மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும். ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, கையுறை போட்டு, பத்துக்கு ஒன்று கலந்த ப்ளீச் தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிஷம் ஊற விட்டு, பிறகு காகிதத்தால் துடைத்து எடுக்க வேண்டும்.

குளிர்பெட்டியை அணைத்து, ஐஸ் கரைந்ததும் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் துடைத்தேன். கதவை மூடக் கூடாது. சுருட்டிய துண்டை இடையில் வைத்துத் திறந்தபடியே விட வேண்டும். மூடினால் பூஞ்சையும் வாடையும் வந்துவிடும். மெத்தைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினேன். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை இரண்டு மூலையில் வைத்தேன். அந்த வாரமே கொலு பொம்மைகளையும் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று தோன்றியது. அடுத்த வருஷமும் இதே முகத்தோடு எழுந்து வா என்று சொல்லித்தானே வைக்கிறோம்!

கடைசி வேலைகள்

பாட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, மகன் கழற்றி வீட்டுக் கராஜில் வைத்தான். சாதா பாட்டரி நிறைந்திருந்தால் இந்த ஊர்க் குளிரைத் தாங்கும். சார்ஜ் இறங்கியிருந்தால் மைனஸ் பத்து வாக்கிலேயே உறைந்து விரிசல் விட்டுவிடும். லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்கள் பூஜ்யத்துக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. காஸ் சிலிண்டரை மூடினோம். அதைக் கழற்றி வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கவே கூடாது. டயர்களில் காற்றைச் சரிபார்த்தோம். பெட்ரோல் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க விற்கும் திரவத்தைக் கலந்து, அது எஞ்சின் முழுக்கப் பரவும்வரை திறந்த வெளியில் பத்து நிமிஷம் ஓட விட்டோம். மூடிய கராஜில் ஒரு நிமிஷம்கூட எஞ்சினை ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில் வண்டி நிறுத்த மாதவாடகைக்கு இடம் எடுத்திருக்கிறோம். அங்கே ஓட்டிப்போய் நிறுத்தி, காற்று போகும் துணி உறை போர்த்தினோம். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

2025 ஏப்ரல் மூன்றாவது வாரம் உறையைப் பிரித்தோம். டாக்டர் அனுமதியோடு இந்தத் தடவை பாட்டரியை அவரே தூக்கி மாட்டினார். தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பிங்க் நிறம் போகும்வரை எல்லாக் குழாயையும் அலசினோம். பிறகு சுமார் 57 லிட்டர் தண்ணீருக்குக் கால் கப் என்ற கணக்கில் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, நாலு மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை மறுபடி அலசினோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டறைக்காரன்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்டான்" என்றார். விற்கும் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை. அந்தக் கோடையில் அத்தையை மறுபடி சுப்பீரியர் ஏரிக்கு அழைத்துப் போனோம்.

"எங்களிடம் ஏது மோட்டார்ஹோம்?" என்று கேட்கும் சகோதரிகளுக்கும் இதில் விஷயம் உண்டு. மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்கள் இப்போது எத்தனை பேர்! வீட்டைப் பூட்டும் முன் மேல்தொட்டி வால்வை மூடுங்கள். காஸ் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். பருப்பு டப்பாக்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மோட்டார் சுவிட்ச் எது, மெயின் வால்வு எங்கே, ஃப்யூஸ் எப்படிப் போடுவது, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். சாம்பாருக்கு எத்தனை புளி, குழந்தைக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று நீங்கள் சொல்ல அவரையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எந்த வேலையும் ஒரே ஒரு கைக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. எங்கள் டைரியில் வண்டிப் பாடம் பதினொரு பக்கம் வந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ரசம் வைக்கும் முறை இருக்கிறது. பெருங்காயத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டார்.